பீடிக்குப் போன விதைச் சாமை

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், புதூர்நாட்டில் முதல் மழை பெய்த மறுநாள், விதைக்கு வைத்திருந்த சாமையை எடுக்க அம்மா பரணில் ஏறினாள். பானையில் பாதிகூட இல்லை. அப்பா வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“வெதச் சாமை இன்னா ஆச்சு?”

“கடைல குட்த்துட்டேன். பீடிக்குதான்.”

“நெலத்துக்கு இன்னா பண்றது?”

“இருக்கறத வெதச்சிக்கலாம்.”

 அம்மா மடியிலிருந்து புகையிலையைக் கிள்ளிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். கூழ் எல்லோருக்கும் போதாத நாட்களிலும் அவள் அதைத்தான் செய்வாள். பசி தெரியாது என்பாள்.

இருந்த விதை பள்ளத்து நிலத்துக்கே சரியாகப் போனது; அந்த வருடம் மேட்டு நிலம் தரிசாகவே கிடந்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு அடுத்தவர் நிலத்தில் களை எடுக்கப் போனேன். கூலியாகச் சாமை அளந்தார்கள். முதல் கூலியில் ஒரு படியைத் துணியில் முடிந்து அம்மா என்னிடம் கொடுத்தாள்.

“கடைல போட்டுட்டு அப்பாவுக்கு ஒரு கட்டு பீடியும் எனக்குப் பொயலயும் வாங்கினு வா.”

வாங்கி வந்தேன். எனக்குக் கோபமோ அழுகையோ வரவில்லை. அப்பா கட்டைப் பிரித்தார். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். மீதிச் சாமையை உரலில் கொட்டி நான் குத்தத் தொடங்கினேன்.