ஃபஸ் பெட்டியும் பச்சை வயரும்

பினாங்குக் கடையில் என் முன்னால் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. தீவுக்குப் பாலம் அப்போது கிடையாது. பேஸ் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிப் போயிருந்தேன். சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் வாசிக்கும் ஐந்து பேர் குழுவில் பேஸ் என் கையில் இருந்தது.

எனக்கு வேண்டியது உறுமல். பேஸ் வாசிப்பவனை மேடையில் யாரும் கவனிப்பதில்லை. அவன் நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும். சுங்கைப் பட்டாணி டவுனிலிருந்து ஒருமுறை எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கு வந்த குழுவில், பேஸ் வாசித்தவன் காலடியில் ஒரு சின்ன இரும்புப் பெட்டியை வைத்திருந்தான். அதை மிதித்ததும் தந்தியின் சத்தம் கிழிந்து, மண்ணுக்கடியிலிருந்து ஏதோ எழுந்து வருவதுபோல் கேட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் அழுதன. ஃபஸ் பெட்டி என்று பெயர் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கடையை நடத்தியவர் நாற்பது வயதுச் சீனப் பெண். பொறுமையாக ஒவ்வொன்றையும் மாட்டிக் கொடுத்தார். முதல் பெட்டி சாதாரண கிட்டாருக்காகச் செய்தது. மிதித்ததும் அடித்தந்தியின் கனம் காணாமல் போய், தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டுபோல் மேல்சத்தம் மட்டும் மிஞ்சியது. இரண்டாவதில் ஒரு திருகு கூடுதலாக இருந்தது. பேஸின் சொந்தச் சத்தத்தையும் கிழிந்த சத்தத்தையும் வேண்டிய அளவில் கலந்துகொள்ளலாம். கனமும் போகவில்லை, இரைச்சலும் இல்லை. புத்தியுள்ளவன் அதைத்தான் வாங்கியிருப்பான்.

மூன்றாவது, யாரோ வாசித்துவிட்டு விற்றுப்போன பழைய சிவப்புப் பெட்டி. தந்தியைத் தொடாமல் இருந்தாலும் அது முனகிக்கொண்டே இருந்தது. தந்திமேல் கை வைத்தால் முனகல் அடங்கியது. எடுத்தால் மறுபடியும் தொடங்கியது. ஆனால் வாசித்தபோது கடையின் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. என் விலா எலும்புகளுக்குள் அதை உணர்ந்தேன்.

“இனி பாகுஸ்,” என்று அந்த அம்மா இரண்டாவது பெட்டியைத் தட்டிக் காட்டினார். இது நல்லது. சிவப்பைக் காட்டி, “இத்து பிசிங்,” என்றார். அது இரைச்சல். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாங்கிப்போன இரண்டு பேர் இதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றும் மலாயில் சொன்னார்.

பரவாயில்லை, சிவப்பையே கொடுங்கள் என்றேன். ஃபெரியில் திரும்பும்போது அந்தப் பெட்டி மடியில் கனத்தது. கடல் அன்று சேற்று நிறத்தில் இருந்தது.

எங்கள் குழுவில் பாடியவர் ஓர் அக்கா. தோட்டத்து மருந்தகத்தில், டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸருக்கு உதவியாக இருந்தார்; ஊசி போடுவதில் அவர் கையைப்போல் வலிக்காத கை தோட்டத்தில் இல்லை என்பார்கள். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஞாயிறு காலையில் மாதா கோயிலில் நானும் அவரும் ஒரே பாடகர் குழுவில் நிற்போம். மதியம் சினிமாப் பாட்டு. கிட்டார் வாசித்தவன் என் பக்கத்து வீட்டுக்காரன், என் வயசு, என் சோட்டு. ரேடியோ ரிப்பேர் செய்வான். வயர் சம்பந்தப்பட்ட எதற்கும் எங்களுக்கு அவன்தான்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பயிற்சி செய்வோம். சிவப்புப் பெட்டியை முதல்முதலாக மிதித்த சாயங்காலம், அது முனகியது. முனகலுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. புரியாத பாஷையில், ஏற்ற இறக்கமே இல்லாமல், இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பதுபோல் பேசிக்கொண்டே போனது.

“தம்பி, உள்ள யாரோ இருக்காங்க,” என்று அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“சயாம் ரேடியோ லா அக்கா,” என்று சிரித்தான் கிட்டார்க்காரன். “பெட்டி ஏரியல் மாதிரி இழுக்குது. பயப்படாதீங்க.”

நாங்களும் சிரித்தோம். ஆனால் பாட்டு தொடங்கியதும் அந்த முனகல் அவர் குரலை மூடியது. இரண்டு பாட்டுக்குப் பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

“எனக்கே என் குரலு கேக்கல. ஒன்னு அந்தச் சனியன அடக்கு, இல்ல வேற ஆளப் பாத்துக்கோ.”

கிட்டார்க்காரன் என் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கித் திருப்புளியால் திறந்தான். உள்ளே மூன்று வயர்கள்.

“இந்தப் பச்சதான்டா. எர்த்து வழியாத்தான் இரைச்சல் ஏறுது. கழட்டிட்டா போயிரும்.”

“ஒன்னும் ஆவாதே?”

“ஒன்னும் ஆவாது லா. பாட்டு ஓடறதுக்கு ரெண்டு வயர் போதும்.”

எங்காவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் கொண்டுபோய் விடுவதுதான் பச்சை வயரின் வேலை. அது எனக்குத் தெரியாதது இல்லை. ஆலையில் ஒவ்வொரு எந்திரத்துக்கும் அது உண்டு. அது அறுந்திருந்தால் எந்திரத்தைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறார்கள். தெரிந்துதான் கேட்டேன், தெரிந்துதான் பேசாமல் இருந்தேன். அவன் பச்சை வயரை மடக்கி, டேப் சுற்றி, பிளக்கை மூடினான். முனகல் பாதிக்குமேல் குறைந்தது. உறுமல் மட்டும் அப்படியே நின்றது. எனக்கு அது போதுமாயிருந்தது.

அன்றே சாமான்களை அடுக்கும்போது அக்காவின் முழங்கை என் பேஸின் தந்தியில் பட்டது. “ஸ்ஸ்!” என்று கையை உதறினார். “கட்டெறும்பு கடிச்ச மாதிரி இருக்கு.”

“கரண்டுன்னா கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும்,” என்றான் கிட்டார்க்காரன். நான் ரப்பர் அடி வைத்த சப்பாத்து போட்டிருந்தேன். எனக்கு எதுவும் கடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நாலைந்து கல்யாணங்கள் வாசித்தோம். பெட்டியை மிதித்ததும் இளைஞர்கள் விசிலடித்தார்கள். ஒவ்வொரு முறை பிளக்கைச் சொருகும்போதும் மடங்கிக் கிடந்த வயர் ஒரு விநாடி ஞாபகத்துக்கு வரும். இன்றைக்கு முடியட்டும், நாளைக்கு மாட்டிவிடலாம் என்று நினைப்பேன்.

பண்டார் பாரு பக்கத்தில் ஒரு தோட்டம். பகல் கல்யாணம். காலையிலிருந்தே மழை, திடலில் போட்ட பந்தலுக்குள் தண்ணீர் ஓடியது. பலகை மேடையில் விரித்த ஜமுக்காளம் நனைந்து கறுத்திருந்தது. செருப்பில் சேறு அப்பியதால் அக்கா அதைப் படிக்கட்டில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினார். அதை நான் பார்த்தேன். சொல்ல வாய் வந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் பந்தலுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள்; கிட்டார்க்காரன் தொடங்கச் சொல்லித் தலையாட்டினான்.

மூன்றாவது பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி வாசி என்று சொல்வதற்காக அக்கா என் பக்கம் குனிந்தார். ஒரு கையில் மைக். மறுகையால் என் பேஸின் தலைப்பகுதியை, தந்திகளை முறுக்கும் அந்த இரும்புச் சாவிகளைப் பிடித்தார்.

அவர் கத்தவில்லை. வாய் பாதி திறந்து நின்றது. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இமை அடிக்கவில்லை. கழுத்து நரம்புகள் கயிறுகளாக எழுந்தன. பேஸை இழுத்தேன், அவர் விரல்கள் இரும்பைவிட்டு வரவில்லை. பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

கிட்டார்க்காரன் பாய்ந்து வயரோடு பிளக்கைப் பிடுங்கினான். அக்கா என் காலடியில் விழுந்தார். பந்தலில் யாரோ ஒரு பெண் வீறிட்டாள். அந்தத் தோட்டத்து டிரஸ்ஸர் ஓடிவந்து நெஞ்சில் கை வைத்து அழுத்தினார், மறுபடி அழுத்தினார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அக்காவிடமிருந்து ஓர் இருமல் வந்தது. கல்யாணக் காரின் மாலைகளைக்கூடக் கழற்றாமல் அவரை அதில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் பந்தலுக்குப் பின்னால் போனேன். கிட்டார்க்காரன் மழையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் பிளக் திறந்து கிடந்தது. பச்சை வயரை அதன் இடத்தில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தான். திருப்புளி இரண்டு முறை நழுவி விழுந்தது. இரண்டாவது முறை அதை எடுத்துக் கொடுத்தவன் நான்.

விசாரித்தவர்களிடம் மழை என்றோம். தோட்டத்து ஒயரிங் பழசு என்று பெண் வீட்டாரே சொன்னார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அக்கா பிழைத்தார். ஆனால் இடது உள்ளங்கையில் தீய்ந்த தழும்பு விழுந்து, இரண்டு விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன. வலது கை ஏதாவதைப் பிடித்தால் நடுங்கியது. ஊசி போட முடியவில்லை. மருந்தகத்திலிருந்து அவரை ஆயாக் கொட்டகைக்கு மாற்றினார்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாதா கோயிலில் பாடகர் குழுவைவிட்டுப் பின்பெஞ்சுக்குப் போய்விட்டார். குழு கலைந்தது. கிட்டார்க்காரன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போனான். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

நான் வாயைத் திறக்க மூன்று வருடங்களுக்குமேல் ஆனது. ஒரு காலை, பத்து மணி இருக்கும், ஆயாக் கொட்டகைக்குப் போனேன். சாரோங் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. அக்கா ஒன்றை ஆட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஆட்டுவதை நிறுத்தவில்லை.

“அந்த வயரக் கழட்டுனது எனக்குத் தெரியும் தம்பி. நான்தான சத்தத்த அடக்கச் சொன்னேன். அது என் தப்புன்னே இத்தன நாளு இருந்தேன்,” என்றார். பிறகு கேட்டார்: “ஆனா அந்தத் தோட்டத்து டிரஸ்ஸரு அப்பறம் பிளக்கப் பாத்தாராம், எர்த்து மாட்டித்தான் இருந்துச்சாம். யாரு மாட்டுனா?”

“அவன்தான்க்கா.”

“எப்ப?”

“உங்கள கார்ல ஏத்திட்டுப் போனப்ப.”

“நீ?”

“திருப்புளி எடுத்துக் குடுத்தேன்.”

தொட்டில் நின்றது. உள்ளிருந்த குழந்தை சிணுங்கியது.

“நான் செத்துட்டேனா இல்லையான்னே தெரியாதப்பவா?” என்றார். தொட்டிலை மறுபடி ஆட்டத் தொடங்கி, “எந்திரிச்சுப் போ தம்பி. பிள்ளைங்க தூங்கட்டும்,” என்றார்.

அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் காதுக்கு வந்திருக்கும், தோட்டம் அப்படி. என் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், வரவில்லை. எண்பதுகளின் நடுவில் அவர் குடும்பம் பெண்டாங் பக்கம் குடிபெயர்ந்தது. அன்று லாரியில் சாமான் ஏற்ற உதவிக்குப் போனேன். அவருடைய தையல் மெஷினை நான் தூக்கப் போனபோது, “அத நீ தொடாத,” என்று மெதுவாகச் சொன்னார். வேறு ஆள் வந்து தூக்கினான். நான் பாத்திரக் கூடைகளை ஏற்றினேன்.