கொத்தமல்லியும் மண்ணிறப் பொலிஷும்

கடையில் இல்லாத சாமானை ‘இல்லை’ என்று சொல்ல யாராலும் முடியும். இருக்கிற சாமானை ‘இல்லை’ என்று சொல்லத்தான் தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

கவுண்டருக்கு உள்பக்கம் நின்று பழகியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வெளிப்பக்கம் நின்றவர்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும். அந்த ‘இல்லை’யைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் நீங்கள்தானே. ஆகவே, இரு தரப்பிலும் பாதிக்கப்பட்டவர்களே, கேளுங்கள்.

யுத்த காலம். எனக்குப் பதினாறு வயது. ஓ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில், வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்த பெரியப்பாவின் பலசரக்குக் கடையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வீட்டில் விட்டால் மற்றவர்களின் குரலில் டெலிபோன் எடுத்து ஊரைக் குழப்புகிறாள் என்பது என் மேல் இருந்த குற்றச்சாட்டு. பொய்யில்லை. ரியூஷன் ரீச்சரின் குரலில் ஒரு முழு வகுப்பை ரத்துச் செய்தவள் நான். முப்பது பிள்ளைகள் இன்றைக்கும் என்னை நன்றியோடு நினைப்பார்கள்.

மூன்று வகை ‘இல்லை’

அந்த வருடம் கொழும்பு முழுக்க ஒரு காய்ச்சல் வந்தது. மூட்டு மூட்டாகப் பிடித்து, ஆளை முன்பக்கமாக வளைத்துவிடும். காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் ரோட்டில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் போல நின்றார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் அந்த நாட்களில் சண்டையில்லாமல் சேர்ந்து செய்த ஒரே காரியம், கொத்தமல்லி அவித்துக் குடித்ததுதான். விலை ஏறியது. அரசாங்கம் கொத்தமல்லிக்குக் கட்டுப்பாட்டு விலை போட்டு ரேடியோவில் சொன்னது. பெரியப்பா மொத்தக் கடையில் வாங்கிய விலையே அதைவிடக் கூட. அடுத்த நாள் விடிந்தபோது கொழும்பில் ஒரு கடையிலும் கொத்தமல்லி இல்லை.

எங்கள் கடையிலும் இல்லை. பின்னறையில், வெறும் பெட்டிகளுக்குப் பின்னால், ஐந்து மூட்டை இல்லாமல் இருந்தது.

கடையில் வேலை செய்த முத்தையா அண்ணன் மலையகத்தில் ஹட்டன் பக்கத்துக்காரர். அவரிடம் மூன்று வகை ‘இல்லை’ இருந்தது. தெரியாத ஆளுக்கு, “இல்லீங்க” என்று தராசைத் துடைத்துக்கொண்டே சொல்லுவார். அதிகாரி மாதிரித் தெரிந்தால், “அய்யோ, கண்ணால பாத்தே ஒரு வாரமாச்சுங்க” என்று கொட்டாவி விடுவார். வாடிக்கைக்காரருக்கு ஒரு ‘இல்லை’யும் உயர்ந்த புருவமும், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பின்கதவால் வாருங்கள் என்று அர்த்தம். மூன்றையும் நான் இரண்டு நாளில் பிடித்துவிட்டேன். திரைக்குப் பின்னால் நின்று நான் சொன்ன ‘இல்லீங்க’வைக் கேட்டு, முத்தையா அண்ணன் தன் வாயைத் தானே தடவிப் பார்த்தார்.

மேல்மாடி பிளாட்டில் இருந்த விமலா அக்கே சிங்களம். ஆனால் எங்கள் ஒழுங்கையில் இருந்து இருந்து தமிழை எங்களைவிட வேகமாகக் கதைப்பா. அவ சொன்னது: “முத்தையா இல்லை எண்டா நான் பயப்பட மாட்டன், பின்னேரம் கிடைக்கும். உன்ட பெரியப்பா இல்லை எண்டாத்தான் பயம், அந்த மனுசனுக்குப் பொய் வராது.”

பலகை

விலை பார்க்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு நோனா, சிங்கள உத்தியோகத்தி, வான் ஒன்றில் வந்து இறங்கினா. கையில் ஒரு பலகை. அதில் மூன்று மொழியிலும் கொத்தமல்லி, கட்டுப்பாட்டு விலை. கடை வாசலில் தொங்கவிட வேண்டும். நோனாவின் குரல் மூக்கால் வந்து, வசனம் முடிகிற இடத்தில் நித்திரைக்குப் போய்விடும். அவ ஒரு சோடா குடித்து முடிப்பதற்குள் அந்தக் குரல் எனக்கு வந்துவிட்டது. போகும்போது அவ பெரியப்பாவுக்கு ஒரு ஆறுதல் சொன்னா: “அங்கிள், பய வெண்ட எப்பா, பயப்பட வேணாம். ஸேர் செக் பண்ண வாற நாளைக்கு நான் முதலே கோல் பண்ணிச் சொல்லுறன்.” சோதனை வருமுன் சொல்லிவிடுவது அந்தக் கந்தோரின் நல்ல பழக்கம். அந்த நாட்களில் மட்டும் சாமான் முன்னுக்கு வரும், அதிகாரி பார்ப்பார், எழுதுவார், போவார். பிறகு சாமான் பின்னுக்குப் போகும்.

பெரியப்பா ஆறுதல் அடையவில்லை. இது அவருடைய இரண்டாவது கடை. முதலாவது கலவரத்தில் எரிந்தது. அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை; ஆனால் அரசாங்கம் வருகிறது என்று யார் சொன்னாலும் அவருடைய கை ஷட்டரைப் பூட்டுகிற திறப்பைத் தேடும். அன்றைக்கும் தேடியது. “விலையை எழுதிக்கொண்டு வந்தவை, சாமானையும் கொண்டு வந்திருக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

பலகையை முழுதாக, மூன்று மொழியிலும் வாசித்த ஒரே வாடிக்கைக்காரர் கந்தோர் மாமா. நாற்பது வருடம் அரசாங்க எழுதுவினைஞராக இருந்து ஓய்வெடுத்தவர். மகள் கனடாவில்; இவர் ஒழுங்கை முடிவில் ஒரு அனெக்ஸில் தனியாக. கறுத்தக் குடையைப் பலகைக்கு நீட்டி, “அந்த விலைக்கு நூறு கிராம்” என்றார். இல்லை என்றோம். முத்தையா அண்ணன் புருவத்தை உயர்த்தினார். மாமா புருவத்தை வாசிக்கவில்லை, பலகையைத்தான் வாசித்தார். ஒவ்வொரு நாள் காலையும் வந்தார், கேட்டார், போனார். பின்கதவால் வரச் சொல்லி நான் வாய்விட்டே சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பிள்ளை, நான் ஒரு நாளைக்கு இதே கடையில, முன்வாசலால, பலகை விலைக்கு, பில்லோட வாங்குவன். அதுமட்டும் சாகமாட்டன்.”

மண்ணிறம்

பின்கதவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்றால் குற்றம். ஆகவே பெரியப்பா ஒரு சதம் கூட்டவில்லை. கொத்தமல்லி பலகை விலைதான். ஆனால் அதோடு ஒரு சப்பாத்துப் பொலிஷ் டின் எடுக்க வேண்டும், பொலிஷுக்கு அரசாங்கம் விலை போடவில்லை. யாரோ ஒரு ஏஜென்ட் எப்போதோ பெரியப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போன மூன்று பெட்டி, அத்தனையும் மண்ணிறம். அந்தக் காய்ச்சலில் ஊரில் எல்லோருக்கும் கால் வீங்கியிருந்தது. சப்பாத்துக்குள் கால் நுழைகிற ஒரு ஆளும் இல்லை. ரப்பர் செருப்பை இழுத்து இழுத்து வந்து, குனிந்தபடி, மண்ணிறப் பொலிஷ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

விமலா அக்கேயின் வீட்டில் ஐந்து பேருக்கும் காய்ச்சல். ஆறாவது டின்னைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா. “நங்கி, இனி எங்கட வீட்டுக் கதவு, அலுமாரி, மேசை எல்லாத்துக்கும் இதைத்தான் பூசப்போறன், மிஞ்சினா மனுசனுக்கும்.”

மூட்டைக்குள் என்ன

ஒரு நாள் சுற்றிவளைப்பு. எங்கள் ஒழுங்கைக்கு அது மாதாந்த விசயம்: இரண்டு பக்கமும் அடைத்து, வீடு வீடாக அடையாள அட்டை பார்த்துப் போவார்கள். வழக்கமாகக் கடைக்குள் எட்டிப் பார்ப்பதோடு சரி. அன்றைக்கு வந்த சிப்பாய் பின்னறைக்குப் போய், பெட்டிகளை நகர்த்திவிட்டான். பின்னால் மிச்சமிருந்த நாலு மூட்டை, சாக்கால் மூடி, கயிறு கட்டி. தமிழன் கடையில் ஒளித்து வைத்த மூட்டைகள் என்றால் அந்த நாட்களில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெரியப்பாவின் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நான் எந்தக் குரலிலும் இல்லை. என் சொந்தக் குரலே வரவில்லை.

சிப்பாய் கயிற்றை அவிழ்த்து, கையை உள்ளே விட்டு, ஒரு பிடி எடுத்து மணந்தான். அப்போதுதான் கவனித்தேன், அவனும் வளைந்துதான் நின்றான். தோளில் கிடந்த துவக்கைக் கீழே ஊன்றிக்கொண்டு, “அபிடத் டிக்கக் தென்ட” என்றான், எங்களுக்கும் கொஞ்சம் தாருங்கள் என்று. முத்தையா அண்ணன் ஒரு பையை நிரப்பினார். பெரியப்பா பழக்கதோசத்தில் ஒரு டின் பொலிஷையும் மேலே வைத்துவிட்டார். சிப்பாய் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மிகவும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்: “மாத்தயா, அபே சப்பாத்து களுனே.” எங்களுடையது கறுப்பாச்சே, ஐயா.

செய்திகள் வாசிப்பது

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பகல் செய்தி நேரம். கடை ரேடியோ திரைக்குப் பின்னால் இருந்தது. அதை மெதுவாக நிறுத்திவிட்டு, செய்தி வாசிக்கும் அம்மாவின் குரலில், தொண்டையைச் சற்று இறுக்கி, இன்று முதல் நுளம்புத்திரிக்கும், அதாவது கொசுவர்த்திக்கும், கட்டுப்பாட்டு விலை என்று வாசித்தேன். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சிரிப்பதுதான் திட்டம்.

நான் திரையை விலக்குவதற்குள் தட்டில் நுளம்புத்திரி இல்லை. பெரியப்பா கண்ணிமைக்கிற நேரத்தில் இறக்கிவிட்டார். பக்கத்துக் கடை முஸ்லிம் நானாவும் கேட்டிருக்கிறார்; அவர் தன் பிள்ளையை எதிர்க் கடைக்கு அனுப்ப, எதிர்க் கடை மூலைக் கடைக்குச் சொல்ல, அரை மணித்தியாலத்தில் காலி வீதி வரைக்கும் ஒரு பெட்டி நுளம்புத்திரி கிடையாது. விலை போட அரசாங்கத்துக்கு வர்த்தமானி என்று அரசிதழ் அடிக்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தொண்டை போதுமாக இருந்தது. முதலில் சந்தோசமாக இருந்தது, ஒளிப்பானேன். பின்னேரம் சனம் நுளம்புத்திரி தேடிக் கடை கடையாக நொண்டத் தொடங்கியபோது அந்தச் சந்தோசம் போய்விட்டது. கேட்டு வந்தவர்களில் கந்தோர் மாமாவும் ஒருவர். வெறுங்கையோடு போனார்.

பெரியப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. நானாவிடம் ஓடிப்போய், அது நான்தான், பொய்ச் செய்தி என்று அதே குரலில் வாசித்தும் காட்டினேன். அவர் முழுதாகக் கேட்டார். ஒரு பெட்டிகூட வெளியே எடுக்கவில்லை. “நீ செல்றது மெய்தான் மகள், ஆனா இண்டைக்குப் பொய்யா ஈக்கிறது நாளைக்கு அவங்க வாயால மெய்யா வரும், நான் இப்பவே ஒளிச்சா நாளைக்கு வேலை மிச்சம்.”

ஒரு பின்னேரம்

அதற்குப் பிறகு ஒரு கிழமை கழித்து, கந்தோர் மாமா இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் நூறு கிராம் கொத்தமல்லியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போனேன். சாய்மனைக் கதிரையில் கிடந்தார். விரல்கள் கொழுக்கி மாதிரி மடங்கியிருந்தன. கை முழுக்க நுளம்புக் கடி. என்னால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

“பலகை விலையோ?” என்றார்.

“சும்மாதான் மாமா. எடுங்கோ.”

“சும்மா எண்டு பலகையில இல்லை. பில் இருக்கோ?”

பில்லை நான் எழுதலாம். பெரியப்பாவின் கையெழுத்தும் எனக்கு வரும். ஆனால் நாற்பது வருடம் கையெழுத்துப் பார்த்த மனுசன். முன்வாசலால் வாங்குவேன் என்று சொன்ன மனுசன். இரண்டு நாளாக வெறும் தேத்தண்ணியோடு கிடக்கிறார். பொட்டலத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஒழுங்கை முகப்பில் இருந்த கொமினிகேஷனுக்கு, காசு கொடுத்து டெலிபோன் எடுக்கிற கடைக்கு, போனேன். கடை நம்பரைச் சுழற்றினேன். மூக்கால் பேசினேன். “அங்கிள்... ஸேர் இண்டைக்கு ரெண்டு மணிக்குப் பிறகு வாறார்... சாமான் முன்னுக்கு இருக்கட்டும்... பொலிஷ் ஒண்டும் வேணாம்...” வசனத்தின் முடிவில் நித்திரைக்குப் போய், ரிசீவரை வைத்தேன்.

நான் கடைக்கு வந்தபோது பெரியப்பா திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு கணம் பயந்தேன், ஷட்டரை இழுத்துவிடுவார் என்று. இழுக்கவில்லை. “முத்தையா, மூட்டையை முன்னுக்கு எடு” என்றார். பில் புத்தகத்தின் தூசி தட்டப்பட்டது. நான் மறுபடி அனெக்ஸுக்கு ஓடினேன். மாமா வெள்ளைச் சேர்ட் போட்டு, வீங்கிய காலைச் சப்பாத்துக்குள் திணித்து, குடையை ஊன்றிக்கொண்டு புறப்பட்டார். இருபது வீட்டுத் தூரத்துக்கு அரை மணித்தியாலம். பலகைக்கு முன்னால் நின்று, குடையை நீட்டி, “அந்த விலைக்கு நூறு கிராம்” என்றார். முத்தையா அண்ணன் நிறுத்தார். பெரியப்பா, வீதியில் ஒரு கண் வைத்தபடி, திகதி போட்டுப் பில் எழுதினார்.

செய்தி பரவி வரிசை வந்துவிட்டது. விமலா அக்கே, “பொலிஷ் இல்லையா? சும்மாவா?” என்று இரண்டு தரம் கேட்டா. மாலைக்குள் மூன்று மூட்டை முடிந்தது, நட்டத்துக்கு. ஸேர் வரவில்லை. “அவருக்கும் காய்ச்சல் போல” என்று பெரியப்பா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கடைசி வரைக்கும் வாய் திறக்கவில்லை. முத்தையா அண்ணன் மட்டும் அன்றைக்கு என்னைப் பார்த்து ஒரு புருவம் உயர்த்தினார். அது நான்காவது வகை.

அந்த ஒழுங்கையில் இப்போது எல்லாம் உயரமான பிளாட். நானாவின் கடையும் இல்லை, எங்கள் கடையும் இல்லை. இந்த ‘இல்லை’ உண்மையான இல்லை. எனக்கு இன்னும் கண்ணில் நிற்பது, மாமா பில்லை நான்காக மடித்துச் சேர்ட் பொக்கற்றில் வைத்து, கொஞ்சம் நிமிர முயன்று, முடியாமல், வளைந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்ததுதான். “பாத்தியோ பிள்ளை, அரசாங்கம் எண்டால் கொஞ்சம் சுணங்கும், ஆனா கட்டாயம் வரும்.”

எங்கள் ஒழுங்கையில் விலைக் கட்டுப்பாடு ஒழுங்காக நடந்தது அந்த ஒரே ஒரு பின்னேரம்தான். அன்றைக்கு அரசாங்கம் நான்.