ஏச்சு வாங்கியவரே முதல் கட்சிக்காரர்

பல வருடம் அரச சட்டத்தரணியாக இருந்துவிட்டு, பரந்தன் சந்தியில் சொந்தமாக அலுவலகம் திறந்தேன். மேசை, கதிரை, பெயர்ப்பலகை எல்லாம் வந்தன, கட்சிக்காரர்தான் வரவில்லை. நேற்றுவரை அரசாங்கத்துக்காகக் கத்தியவளிடம் யார் வருவார்கள்?

முதலாவதாக வந்தவரைக் கண்டதும் திக்கென்றது. அக்கராயன் ஊர் விவசாயி. அவருடைய உழவு இயந்திரத்தில் ஓட்டுநர் களவாக மரம் ஏற்றி அகப்பட்டபோது, வவுனியா மேல் நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடி அதைப் பறிமுதல் செய்ய வைத்தவள் நான்தான்.

"புது மெசினையும் பிடிச்சுப்போட்டாங்கள் மிஸ். வேற டிரைவர். எனக்குத் தெரியாமல் மணல் ஏத்தியிருக்கிறான். மழை வரப்போகுது, மெசின் இல்லாட்டி இந்தமுறை விதைப்பு இல்லை."

"அதுக்கு என்னட்டையே வந்தனீங்கள்?"

"அண்டைக்கு நீங்கள் ஏசின ஏச்சு மறக்கேலாது. அந்த வாய் எனக்கு வேணும்."

சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன்.

'தெரியாது என்றால் போதுமா? தடுக்க என்ன செய்தீர்?' என்று அன்று நான் அடுக்கிய கேள்விகள் எனக்கே மறந்துவிட்டன. அவர் ஒன்றையும் மறக்கவில்லை. புது ஓட்டுநரைக் கிராம அலுவலர் முன்னால் நிறுத்தி எச்சரித்திருந்தார். வேலை முடிந்தால் இயந்திரத்தின் திறப்பைத் தானே வாங்கி வைத்தார். இயந்திரம் இழுக்கும் பெட்டியின் பின்பக்கம் சிவப்பு மையில் 'மணல், மரம் ஏற்றக் கூடாது' என்று பெரிதாக எழுதுவித்திருந்தார். பொலிஸ் எடுத்த படத்தில் அந்த எழுத்துக்கு மேலேதான் மணல் குவிந்து கிடந்தது.

கிளிநொச்சி நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு என்னுடைய பழைய வாதத்தையே எடுத்து வாசித்தது. நான் எழும்பி, அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் நானே பதில் சொன்னேன். இவ்வளவு குஷியாக நான் ஒருநாளும் வாதாடியதில்லை. நீதவான் படத்தைப் பார்த்தார், வாயைக் கையால் மூடிக்கொண்டார். இயந்திரத்தை விடுவிக்கும்படி கட்டளையிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெளியே தூறத் தொடங்கியிருந்தது.

"ஏறுங்கோ மிஸ், பரந்தனிலை விடுறன்."

"உங்கட வீடு மற்றப் பக்கமெல்லோ அண்ணை?"

"வயல் எங்கையும் ஓடாது."

கறுப்புக் கோட்டோடு, விடுவித்த இயந்திரத்தின் மட்காட்டில் ஏறி இருந்தேன். கண்டிவீதியில் போனவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கை காட்டிக்கொண்டே போனேன்.

"அண்டைக்கு என்னிலை கோவம் வரேல்லையோ?" என்று இரைச்சலுக்கு மேலே கேட்டேன்.

"வந்தது. வீட்டை போய் அழுதனான். பிறகு யோசிச்சுப் பாத்தன், கேள்வி சரிதானே."



அடுத்தநாள் காலை அலுவலக வாசலில் மூன்று உழவு இயந்திரங்கள் நின்றன. ஒன்றின் மீதும் வழக்கில்லை.

"எங்களையும் ஒருக்கா ஏசி விடுங்கோ மிஸ்," என்றார் முன்னால் நின்றவர். "பிடிபட முதல்."