ஆரஞ்சு நிறப் பிராணியின் வால்

அது என்ன மிருகம் என்று எங்கள் யூனிட்டில் யாருக்கும் தெரியவில்லை. முயல் காது, நரி மூஞ்சி, உடம்பு முழுக்க ஆரஞ்சு நிறம், கையில் வெள்ளை உறை, காலில் அதன் தலையை விடப் பெரிய பூட்ஸ். தேனிப் பக்கமிருந்து வந்து பிரிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் மரநாய் என்றார். பீஸ் அடுக்குகிற அக்கா கீரிப்பிள்ளை என்றார். "மரநாய் பூட்ஸ் போடுமாங்க?" என்று அக்கா கேட்க, "கீரி மட்டும் போடுமாக்கும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். மதியச் சாப்பாடு வரை இதே பேச்சுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஊரின் ஓரத்தில், வீரபாண்டியில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் நான் கலர் பிரிக்கிற வேலையில் இருந்தேன். டி-ஷர்ட்டில் வரவேண்டிய படத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தாள் தனியாக வரைய வேண்டும். ஆரஞ்சுக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக் கோட்டுக்கு ஒன்று. பெரிய யூனிட்டுகளில் இதைக் கம்ப்யூட்டர் செய்ய ஆரம்பித்திருந்தது. எங்கள் முதலாளிக்கு என் கைதான் கம்ப்யூட்டர். அவரை எல்லோரும் பாய் என்போம். என்னை அவர் அம்மிணி என்று கூப்பிடுவார்.

அந்தப் பிராணி ஒரு வீடியோ கேமின் கதாநாயகன் என்று சொன்னவர் பையிங் ஆபீஸ்காரர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் எங்களுக்கும் நடுவில் அலைகிற கோயமுத்தூர்க்காரர் அவர். டை கட்டித்தான் வருவார். வெயில் ஏறினால் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்துக்கொள்வார். வெளிநாட்டில் ஒரு சின்னக் கம்பெனி அந்த கேமைச் செய்துகொண்டிருக்கிறதாம். கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வருமாம். கூடவே டி-ஷர்ட்டும் வர வேண்டுமாம். நெஞ்சில் பிராணியின் முன்பக்கம், முதுகில் அதன் பின்பக்கம்.

முன்பக்கத்துக்கு நல்ல கலர்ப் படம் தந்திருந்தார்கள். பின்பக்கம் ஃபேக்ஸில் வந்தது. இடுப்புக்குக் கீழே ஒரே கறுப்புத் தீற்றல். வேறு அனுப்பச் சொல்லிக் கேட்டோம், பதிலே இல்லை. சாம்பிள் கூரியரில் போயாக வேண்டிய வாரம் அது.

"இதுக்கு வால் உண்டுங்களா இல்லீங்களா?" என்று பாயிடம் கேட்டேன்.

"நரி மூஞ்சிக்கு வால் இல்லாம இருக்குமா? உனக்குத் தோணுனதப் போட்டு உடு அம்மிணி. தப்புன்னா கமெண்டுல சொல்லீருவாங்க."

இது எங்கள் ஊர் வழக்கம். தெரியாத இடத்தில் தோன்றியதைச் செய்து அனுப்பிவிடுவோம். சாம்பிளைப் பார்த்துவிட்டு பையர் கமெண்ட் எழுதுவார். கழுத்துப் பட்டி அகலம், ஆரஞ்சில் சிவப்பு தூக்கல், படத்தை இன்னும் ஒரு விரல் இறக்கு என்று ஒரு பக்கத்துக்குக் குறை வரும். பிறகு திருத்திக்கொள்வோம். கமெண்ட் வராத சாம்பிளை நான் பார்த்ததே கிடையாது. அந்த தைரியத்தில் ஒரு வால் போட்டேன். மேல்நோக்கி வளைந்து, நுனியில் வெள்ளை வைத்து, நடுவில் லேசாக ஒடிந்த வால். யூனிட் வாசலில் படுத்திருக்கும் நாயைப் பார்த்துத்தான் வரைந்தேன், வேறெங்கே போவேன்?

பதில் வந்தது. ஓகே. அவ்வளவுதான், ஒரு வரி கமெண்ட் கூட இல்லை. இந்தப் படங்களை கேம் கம்பெனிக்காரர்களே பார்த்துத்தான் ஓகே சொல்வார்கள் என்று பையிங் ஆபீஸ்காரர் வேறு சொல்லிவிட்டாரா, எனக்குத் தலைகால் புரியவில்லை. பாய் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தந்தார். அப்படியானால் நான் கண்ணை மூடிக்கொண்டு போட்ட வால்தான் அதன் உண்மையான வாலா? கடல் தாண்டி யாரோ ஒருவர் அதே வளைவை, அதே ஒடிவை எப்படி வரைந்திருப்பார்? அவர் வாசலிலும் ஒரு நாய் படுத்திருக்குமோ? அந்த கேமை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

ஆர்டரில் பாதி அடித்து முடித்திருந்தபோது பையிங் ஆபீஸ்காரர் வந்தார். டை கழுத்திலேயே இருந்தது, வியர்த்திருந்தது.

"நிறுத்துங்க பாய். கேமைக் கடைக்காரங்க யாருமே எடுக்கலையாம். அந்தக் கம்பெனியையே மூடிட்டாங்க."

பாய்க்குப் புரியவில்லை. "ஒரு படம் ஓடலீன்னா அடுத்த படம் எடுப்பாங்க. ஒரு கேமு போகலீன்னு கம்பெனிய மூடுவாங்களா?"

"அவங்ககிட்ட இருந்ததே அந்த ஒரு கேம்தான் பாய். வருஷக்கணக்கா உக்காந்து அத ஒண்ணத்தான் செஞ்சிருக்காங்க. நம்ம யூனிட் ஆளுங்க அளவுக்குத்தான் இருப்பாங்க மொத்தமே."

எல்லோரும் கையை நிறுத்திவிட்டு நின்றார்கள். நான் மெதுவாகக் கேட்டேன், "ஏனுங்க, அதுக்கு வால் எப்படி இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

பாய் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இழவு வீட்டில் போய்ச் சாப்பாடு கேட்டவளை அப்படித்தான் பார்ப்பார்கள்.

அடித்த சரக்கு, மிச்சச் சரக்கு விற்கிற காதர்பேட்டைக்குப் போய் ஊர் முழுக்கப் பரவியது. யூனிட் உள்ளூர் பனியன் வேலையை எடுத்துப் பிழைத்துக்கொண்டது. எனக்குத்தான் நிம்மதி போயிற்று. பஸ்ஸில் எனக்கு முன்னால் நிற்பவர் முதுகில் அந்த வால். மங்கலம் ரோட்டில் சைக்கிள் மிதிக்கும் தறிக்காரர் முதுகில் அந்த வால். ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி கிளம்பிவிடும். பையிங் ஆபீஸ்காரரை எங்கே கண்டாலும் கேட்டேன். என்னைக் கண்டாலே அவர் வண்டியைத் திருப்புகிற அளவுக்குக் கேட்டேன்.

அடுத்த வருஷம் அவரே போன் செய்தார். பையர் அனுப்பிய பழைய சாமான்களோடு அந்த கேமின் சிடி வந்திருக்கிறதாம். பாயும் கூட வந்தார். அவருக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்திருக்கிறது. அவர் ஆபீஸ் ஏசி ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

முதலில் முகம் வந்தது. நான் நிறம் நிறமாகப் பிரித்த அதே முகம். கண்ணைச் சிமிட்டியது, எங்களைப் பார்த்துக் கையாட்டியது. நானும் கையாட்டிவிட்டேன். பிறகு திரும்பி ஓட ஆரம்பித்தது. இனி விளையாட்டு முழுக்க அதன் முதுகுதான் தெரியும் என்றார் பையிங் ஆபீஸ்காரர்.

பாய் திரையோடு மூக்கை ஒட்டினார். "வாலே இல்லியே அம்மிணி!" என்று சிரித்தார்.

உண்மைதான். வழவழவென்று உருண்டையான ஆரஞ்சுப் பின்பக்கம். குட்டை வால் கூட இல்லை. அது பாட்டுக்கு ஓடியது, பள்ளம் தாண்டியது.

பாயின் சிரிப்பு நின்றது. "அப்புறம் எப்படிங்க ஓகே வந்துச்சு?"

"அப்பவே அங்க படம் வரையறவங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம் பாய். பின்னாடிதான் எனக்கே தெரியும். ஆபீஸைக் காலி பண்றதுக்குன்னு மிச்சம் இருந்த ஒருத்தர், வந்ததுக்கெல்லாம் ஓகே போட்டு அனுப்பியிருக்கார்."

பையிங் ஆபீஸ்காரர் டீ சொல்ல எழுந்து போனார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை வரைந்தவர் யாராக இருந்தாலும் வருஷக்கணக்காக அந்த முதுகைத்தான் வரைந்திருப்பார். தூக்கத்தில் எழுப்பிக் காட்டினால் கூட என் வாலைப் பார்த்ததும் கொதித்திருப்பார். இது யார் வேலை, கண் இல்லையா, உடனே எடு என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பார். நான் பாராட்டு என்று நினைத்து ஒரு வருஷம் சுமந்தது, அவர் நாற்காலி காலியாக இருந்ததைத்தான். அந்த மனிதரிடம் அந்தத் திட்டை வாங்க எனக்கு அன்றைக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.