படம் இணைக்க வேண்டும், கட்டாயம்

தமிழ் எழுத்தை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை நானும் ஒரு தோழியும் ஓய்வு நேரத்தில் உருவாக்கி வருகிறோம். பார்வையில்லாதவர்களுக்கானது. காசு கிடையாது; யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே புகுந்து திருத்தலாம். திருத்த ஒருவரும் வர மாட்டார்கள், குறை சொல்ல ஊரே திரண்டு வரும். வரட்டும். அந்தக் குறைகளை எந்த வழியாக வாங்குவது என்பதில்தான் எங்கள் இருவருக்கும் முட்டிக்கொண்டது.

அதுவரை எல்லாம் வாட்ஸ்அப் குரல் பதிவுகளாகத்தான் வந்துகொண்டிருந்தன. பெரும்பாலும் ஒரே குரல். டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்து பிளாக்கில் இருக்கும் அண்ணாச்சியுடையது. திருநெல்வேலிக்காரர், அரசு அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர், பிறவியிலேயே பார்வை இல்லை. ஊரிலிருந்து தங்கை எழுதும் செய்தியைக்கூட முன்பெல்லாம் மனைவிதான் படித்துச் சொல்ல வேண்டும். "இப்பத்தான் தம்பி, எனக்கு வர்றத நானே படிக்கேன்" என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

தோழி டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். அண்ணாச்சியின் நெல்லைத் தமிழ் அவளுக்குப் பாதிதான் பிடிபடும். அவர் குறையைச் சொல்வதற்குள் வெயில், தண்ணி வராதது, மூட்டுவலி எல்லாம் வந்து போகும். "பஸ், போதும் அண்ணா! இனிமே எல்லாம் டிராக்கர்லதான். இல்லன்னா நான் விலகிக்கறேன்" என்றாள். நிரலில் முக்கால்வாசி அவள் எழுதியது. மிரட்டினால் நான் என்ன செய்ய?

கோல் மார்க்கெட்டில் அவள் வீட்டில் உட்கார்ந்து, குறைகளைப் பதிய இணையத்தில் ஒரு படிவம் செய்தோம். அவள் சொன்ன டிராக்கர் அதுதான்; அதில் பதிவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த ஃபோன், எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது என்ன ஆனது, கடைசியாகத் திரையின் படம். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். ஒன்று விட்டுப்போனாலும் புகார் போகாது. பெரிய திட்டங்களில் எல்லாம் இப்படித்தான் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

புகார்கள் நின்றுபோயின. "பாத்தீங்களா, எவ்வளவு சாந்தி!" என்றாள். நானும் நம்பினேன். மென்பொருள் தேறிவிட்டது என்றே நினைத்தேன்.

பால் பூத்தில் அண்ணாச்சியைப் பார்த்தபோது பெருமையாகவே கேட்டேன், புதுப் பதிப்பு எப்படி என்று.

"எங்க, ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசி வரிய முழுங்கிருதே! எந்தங்கச்சி முக்கியமான சங்கதிய கடைசியிலதான் எழுதுவா. பழையபடி வீட்டுக்காரிட்டத்தான் குடுத்துப் படிக்கச் சொல்லுதேன்."

"டிராக்கர்ல போட்டிருக்கலாமே அண்ணாச்சி?"

"போடத்தான் பாத்தேன். படம் கேக்குது. எடுக்கவும் எனக்குத் தெரியும் தம்பி. அதுல என்ன விழுந்திருக்குன்னு நான் எப்படிப் பாக்க? அவ எழுதினதெல்லாம் ஊரு உலகமே பாக்கணுமா? கண்ணு தெரியாதவன்ட்ட படம் கேக்கீயளே, வெளங்குமா?"

எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. பார்வையில்லாதவர்களுக்கென்று ஒன்றைச் செய்துவிட்டு, வாசலில் படம் கேட்டு நின்றிருக்கிறோம். உடனே சரிக்கட்டப் பார்த்தேன். "நீங்க எங்கிட்ட சொல்லுங்க அண்ணாச்சி, உங்களுக்குப் பதிலா நான் போட்டுடறேன்." எல்லோருக்கும் வசதியான வழி அதுதான் என்று பட்டது.

அவர் முகம் சுருங்கியது. "அங்க வீட்டுக்காரி, இங்க நீங்களா? வேண்டாம் தம்பி." கோலைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

வசதி வசதி என்று இத்தனை நாள் பேசினோமே, யாருடைய வசதி? தோழிக்கு வசதி ஒழுங்கு. எனக்கு வசதி நல்லவனாக இருப்பது. அவர் கேட்டது இரண்டும் இல்லை. அவருக்குத் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தோழியிடம் சொன்னேன். படிவத்தைத் திறந்து ஒவ்வொரு கட்டமாக வாசித்தாள். பிறகு, "ஹாய் ராம்! ஸ்டார் எல்லாத்தையும் எடுத்துரலாம் அண்ணா" என்றாள். படிவத்தில் மிஞ்சியது 'என்ன ஆச்சு?' என்ற ஒரே ஒரு கட்டம். பேசினாலே எழுத்தாக விழும். ஃபோன், பதிப்பு விவரங்களை மென்பொருளே சேர்த்துக்கொள்ளும். புரியாததை அவள் கீழேயே கேட்டுக்கொள்வாள். விலகும் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

கடைசி வரி விழுங்கப்படுவதை அண்ணாச்சி தானே பதிந்தார், வெயிலும் மூட்டுவலியும் சேர்த்து. அவள் சரிசெய்து புதுப் பதிப்பை வெளியிட்டு, "இப்போ டீக்கா அங்கிள், சரியாயிடுச்சா? மூடிடலாமா?" என்று கீழே எழுதினாள்.

நாங்கள் மூடுவதற்குள் அவரே புகாரை மூடிவிட்டிருந்தார். அடியில் இப்படி இருந்தது: "தங்கச்சி எழுதினத கடைசி வரி வரைக்கும் கேட்டேன். என்ன எழுதியிருக்கான்னு உங்க ரெண்டு பேருக்கும் சொல்ல மாட்டேன்."