ஒரே விலாசத்தில் முப்பத்தேழு பேர்

அந்தப் பழுப்பு உறையை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எட்டு வயது. அதன் மேல் இரண்டு முத்திரைகள் இருந்தன. ஒன்று தபாற்கந்தோரின் வட்ட முத்திரை, மற்றது கையில் கொடுக்கும் அன்று தோட்டத்து ஆபீசில் குத்தும் நீள்சதுர முத்திரை. இரண்டுக்கும் நடுவே பதினொரு நாள் இடைவெளி. ராகலைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்போது தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எந்த லயத்துக்கும் தனி விலாசம் கிடையாது. எல்லோருக்கும் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். கடிதங்கள் கட்டாக ஆபீசுக்கு வரும். அங்கே யாருக்கு எப்போது நேரம் கிடைக்கிறதோ, அப்போது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வைத்துப் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அக்காவின் பெயரைக் கூப்பிட்ட அன்று, அவள் போக வேண்டியிருந்த ஆசிரியர் நேர்முகத் தேர்வு முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிய பிள்ளை! அப்பா அந்த உறையைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அடுத்த மாதம் அக்கா கொழுந்துக் கூடையைத் தூக்கினாள்.

என் அக்காவைப் பற்றிப் பேசும்போது யாராவது "பாவம்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவள் பாவமும் இல்லை, ஒன்றும் இல்லை. பல வருஷம் மலையில் கொழுந்து பறித்தாள். நான் படித்ததே அந்தக் கைகளால்தான். பிறகு ஹட்டனில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் கூட்டிப் பெருக்கித் தேநீர் ஊற்றும் வேலைக்குச் சேர்ந்தாள். தட்டச்சு செய்கிறவர் வராத ஒருநாள், "நான் அடிச்சுப் பாக்கவா மெடம்?" என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு உட்கார்ந்தவளை யாராலும் எழுப்ப முடியவில்லை. விண்ணப்பப் பிரிவு முழுக்க அவள் கைக்கு வந்தது. தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவள் வைத்திருந்தது சாமிப் படமில்லை, அந்தப் பழுப்பு உறைதான். வருகிறவர்களெல்லாம் என்னவென்று கேட்பார்கள். "நம்ம பழைய கணக்கு" என்பாள், சிரித்துக்கொண்டே.

அவளுடைய பெரிய தலைவலி நேர்முகத் தேர்வுக் கடிதம் அனுப்புவது. ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரும் நேரமும் போட்ட தனிக் கடிதம் போக வேண்டும். அந்தத் தாள் கையில் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். ஹட்டனில் மழை பிடித்துவிட்டால் மின்னஞ்சல் பக்கம் பாதி திறந்து அப்படியே நிற்கும். திறந்தாலும், ஐம்பது அறுபது கடிதம் போனதும் கணக்கைப் பூட்டிவிடுவார்கள். அவளுடைய புலம்பலைக் கேட்டுக் கேட்டு, கொழும்பில் கணினி வேலையில் இருந்த நான் ஒரு வழி செய்து கொடுத்தேன். கிளவுட் சேவை ஒன்றில் சின்னதாக ஒரு கணினியை ஒதுக்கி வாங்கினேன். அங்கே பெயர்ப் பட்டியல் ஒரு கோப்பு, கடித வாசகம் ஒரு கோப்பு. அக்கா தன் மேசையிலிருந்து கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளையைத் தட்டி என்டர் அடித்தால் போதும், மிச்சத்தை எங்கோ இருக்கும் அந்தக் கணினி பார்த்துக்கொள்ளும். ஹட்டன் மழையைத் தாண்டிப் போக வேண்டியது அந்த ஒரு வரி எழுத்து மட்டும்தான். ஒவ்வொரு கடிதத்தையும் சேவை ஏற்றுக்கொண்டதும் எழுத்தும் எண்ணுமாக நீளமான அடையாளம் ஒன்று திரையில் விழும். அக்கா அதற்கு "ரிஜிஸ்டர் தபால் துண்டு" என்று பெயர் வைத்தாள்.

புதுக் கணக்கை அந்தச் சேவை எடுத்ததும் நம்பிவிடாது. முதல் சில நாள், நாம் முன்கூட்டியே உறுதிப்படுத்திய மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும்தான் அனுப்ப விடும். அதனால் அக்கா தனக்குத் தானே கடிதம் அனுப்பிப் பழக வேண்டியிருந்தது. "என்னத்தடா எழுதுறது?" என்று போனில் கேட்டாள். ஏதாவது எழுதுக்கா என்றேன். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை.

அனுமதி கிடைத்து முதல் தடவையாக நிஜக் கடிதங்கள் போனது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். நூற்றிருபது பிள்ளைகள். திங்கட்கிழமை காலையில் நேர்முகத் தேர்வு. அரை மணி நேரத்தில் எனக்குப் போன் வந்தது.

"தம்பி, துண்டு எம்பத்தி நாலுதான்டா வந்துருக்கு. முப்பத்தாறு கொறையுது."

"பிழையில்லக்கா. ஒரே முகவரி ரெண்டு மூணு தடவ வந்தா ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு மத்தத விட்ரும். நான்தான் அப்பிடிச் செஞ்சு வச்சேன். ஒரே ஆளுக்கு ரெண்டு காயிதம் போனா நல்லாவா இருக்கும்?"

அந்தக் கட்டளையை எழுதியபோது எனக்கு உள்ளூரப் பெருமைகூட. கொழும்பில் எங்கள் ஆபீசில் அதுதான் ஒழுங்கு. ஒரு முகவரி என்றால் ஓர் ஆள். போனில் அக்கா பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"முப்பத்தேழு பேருக்கு ஒரே முகவரிடா. பொகவந்தலாவ பஜார்ல இருக்குற கொமினிகேஷன் கடை. சுத்துவட்டாரத்துத் தோட்டப் புள்ளைங்களுக்கெல்லாம் அந்த அண்ணந்தான் அப்ளிகேசன் போட்டுக் குடுக்குறாரு. காயிதம் வந்தா பிரிண்ட் எடுத்து ஆளுக்கு ஆள் குடுப்பாரு."

"அப்ப ஆளுக்கொரு முகவரி தொறக்கச் சொல்லியிருக்கணும்…"

"அட, பெரிய இஞ்சினியரே!" அக்காவின் குரல் ஏறிவிட்டது. "நம்ம லயத்துல எத்தன வீடுடா இருந்துச்சு? அத்தனைக்கும் எத்தன விலாசம்? தபால்காரரு ஒரு காயிதத்தக் குடுத்துட்டு, மத்ததெல்லாம் ஒரே விலாசந்தானேன்னு ஆத்துல போட்டிருந்தா நீ இன்னைக்குக் கொழும்புல இருப்பியாடா?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் அதே தோட்ட விலாசத்துக்குத்தான் வந்தது. அதே லயத்தில் பிறந்தவன், கொழும்பில் பத்து வருஷம் இருந்ததில் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். இந்தத் தடவை முப்பத்தாறு பிள்ளைகளின் கடிதத்தை நிறுத்தி வைத்தவன் எந்தத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரும் இல்லை. நான்தான்.

அக்கா என்னை அதிக நேரம் வருந்த விடவில்லை. "எந்த வரிய எடுக்கணும், அத மட்டும் சொல்லு" என்றாள். சொன்னேன். அந்த வரியை அவளே அழித்தாள். மீண்டும் மொத்தப் பட்டியலையும் அனுப்பினால் மற்றவர்களுக்கு இரண்டாம் கடிதம் போய் அவர்கள் குழம்புவார்கள் என்று, விடுபட்ட முப்பத்தாறு பெயரை மட்டும் தனிக் கோப்பாகப் போட்டாள். அதையும் நான் சொல்லித் தரவில்லை. என்டர் அடித்துவிட்டு, துண்டு விழ விழ ஒவ்வொரு பெயராக வாய்விட்டுக் கூப்பிட்டாள், பெரட்டுக் களத்தில் கூப்பிடுகிற அதே மாதிரி, ஊர் அதிர. நான் போனைக் காதில் வைத்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தாறாவது பெயரைக் கூப்பிட்டபோது அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது. உடனே கடைக்காரருக்குப் போன் போட்டு, "அண்ணே, மெசின்ல தாள் இருக்குங்களா? முப்பத்தேழு காயிதம் வந்துருக்கு, ஒண்ணுகூட தங்கக்கூடாதுங்க" என்றாள். அவர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தோட்டம் தோட்டமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டு ஹட்டனுக்குப் போனேன். பொகவந்தலாவை பஸ்ஸில் வந்த பிள்ளைகள் நனைந்துவிடாமல் தாளைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார்கள். அக்கா வாசலில் நின்று பெயர் கூப்பிட்டாள். முப்பத்தேழு பேரும் இருந்தார்கள். கடைசிப் பெயருக்கும் "இருக்கேங்க மிஸ்" என்று பதில் வந்ததும், அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் என் பட்டம் எல்லாம் எம்மாத்திரம்! அங்கே நின்ற எல்லோரிடமும் "இது என் அக்கா" என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் விட்டேன்.

போன மாதம் அந்தப் பழைய கிளவுட் கணினியை மூடிவிட்டுப் புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றினேன். அப்போதுதான், சோதனை என்று பெயரிட்ட ஒரு கோப்பு கண்ணில் பட்டது. முதல் நாட்களில் அக்கா தனக்குத் தானே அனுப்பிப் பார்த்த கடிதம். திறந்தேன். ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகத் தேர்வுக்குச் சமுகமளிக்குமாறு, அக்காவின் பெயருக்கு, அந்தப் பழுப்பு உறைக்குள் இருந்த கடிதம். ஓர் எழுத்து மாறவில்லை. பழைய தேதிகூட அப்படியே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே போன் பண்ணினேன்.

"அதுவா? ஏதாச்சும் எழுதுன்னு சொன்னியே. எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச காயிதம் அது ஒண்ணுதான்டா."

"எவ்வளவு நேரத்துல வந்துச்சுக்கா?"

"என்டர்ல இருந்து கைய எடுக்கல, வந்துருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா அப்புறம்!" அக்கா சிரித்தாள். "இன்டர்வியூவுக்குப் போறதுக்கு எங்கடா நேரம்? நூத்தி இருவது புள்ளைங்களுக்குக் காயிதம் அனுப்ப வேண்டியிருந்துச்சு."