பனிக்குழியில் பாதி

எங்கள் மலையில் மழைக்குப் பஞ்சம் கிடையாது. இலையுதிர்காலம் வந்தால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். ஆனால் இந்தச் சுண்ணாம்புப் பாறை இருக்கிறதே, படுபாவிப் பாறை, விழுந்த சொட்டையெல்லாம் விழுங்கிக் கீழே கடலில் கொண்டுபோய்க் கக்கிவிடும். கடற்கரையில் ரிசான் ஊர்க்காரர்கள் ஜில்லென்ற ஊற்றில் துணி அலசுவார்கள். மேலே நாங்கள் ஆகஸ்டில் நாக்கு வறண்டு கிடப்போம். அதனால்தான் வீட்டுக்கு வீடு பனிக்குழி. குளிர்காலத்தில் பனியைக் கொட்டி மிதித்து இறுக்கி, சருகால் மூடி வைத்தால், கோடையில் வெட்டி உருக்கி மாட்டுக்குக் காட்டலாம்.

ஸ்தோயாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பிள்ளை குட்டி இல்லை. இருந்ததெல்லாம் ஷாருல்யா என்ற புள்ளிப் பசுவும் அந்தக் குழியும்தான். புருஷனைப் புதைத்து நாற்பது நாள் முடிவதற்குள் கொழுந்தன் யோக்சிம் கயிற்றோடு வந்து நின்றான்.

"அண்ணன் போயிட்டான். பாதிக் குழி என்னுது. ஒத்த மாட்டுக்கு எதுக்கு அண்ணி முழுக் குழி?"

"குழி உன்னுதுன்னா, அதுல மிதிச்ச கால் யாருது? மூணு வருஷமா இந்தப் பக்கம் எட்டிப் பாத்தியாடா?"

ஊர்ப் பெரியவர் லாஸோ நடுவில் கயிற்றைப் போட்டார். ஒருவர் சருகுகூட மற்றவர் பக்கம் விழக்கூடாது என்று இருவரையும் கோயில் வாசலில் சத்தியம் செய்யவைத்தார். பனியைப் பங்கு போடுகிற கிறுக்குத்தனம் எங்கள் ஊரில் மட்டும்தான் நடக்கும்!

அந்தக் குளிர்காலம் ஸ்தோயா பன்னிரண்டு நாள் பனி மிதித்தாள். செத்துப்போனவனின் பூட்ஸுக்குள் கம்பளியைத் திணித்துப் போட்டுக்கொண்டு, இடுப்பு விட்டுப்போகும்வரை மிதித்தாள். மேலே முழங்கை ஆழத்துக்குச் சருகு போட்டாள். யோக்சிம் நாலு கூடை அள்ளிக் கொட்டிவிட்டுச் சீட்டாடப் போய்விட்டான்.

ஜூன் கடைசியில் அவனுடைய பாதி உருகிப் பாறைக்குள் போய்விட்டது. இவள் பாதி மட்டும், வெட்டிவைத்த பாலாடைக்கட்டி மாதிரி செங்குத்தாக நின்றது. தலைக்குச் சருகு இருந்தது. அவன் பக்கம் பார்த்த விலா அம்மணமாக இருந்தது. வெக்கைக் காற்று நேராக அதில்தான் அடித்தது. மூட வேண்டுமானால் கழியை அவன் தரையில் ஊன்றித்தான் சருகைச் சாத்த வேண்டும். சாத்தினாள். மறுநாள் காலையில் யோக்சிம் குழிவிளிம்பில் உட்கார்ந்துகொண்டு அவ்வளவையும் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தான்.

"கோட்டைத் தாண்டுது அண்ணி. 'கொழுந்தனே, பெரிய மனசு பண்ணு'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. அப்புறம் எங்க வேணா சாத்திக்கோ."

"உங்கிட்டயா? சொந்த அண்ணன் பொணத்துக்குத் தோள் குடுக்காம, பனி கொட்டுதுன்னு வீட்டுக்குள்ள கெடந்தவன்தானே நீ! என் நாக்கு அழுகினாலும் சொல்ல மாட்டேன், போடா!"

ஒரு வார்த்தைதான். சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அன்று நாலாவது தோளுக்கு ஆளில்லாமல் அவளே பாடையைத் தூக்கினாள். அந்த ஆத்திரம் வேறெந்த வார்த்தையையும் வெளியே விடவில்லை. விலா தினம் இரண்டு விரல் கரைந்தது.

ஆகஸ்ட் பாதியில் கடைசிக் கட்டி உருகி ஒரு வாளித் தண்ணீர் ஆயிற்று. மழைக்கு இன்னும் மூன்று வாரமாவது ஆகும். மாட்டை அன்றே கரைக்கு ஓட்டிவிடலாம், இந்த ஒரு வாளி குடித்தால் இறங்கிவிடும் என்று ஸ்தோயா கணக்குப் போட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு பட்டிக்கு வந்தால், வாசலில் யோக்சிம், கையில் கோவேறு கழுதையின் கயிறு.

"அண்ணி, கரையிலேர்ந்து சுமந்துட்டு வந்த தண்ணியும் தீந்துபோச்சு, நேத்துலேர்ந்து இது ஒண்ணும் குடிக்கல. பாதி ஊத்து. நாளைக்கே நீ சருகு வெச்சுக்கோ, நான் ஒண்ணும் சொல்லல."

"வெக்கிறதுக்கு அங்க என்னடா இருக்கு?"

"பழசைக் கிளறாத. அதான் பாதின்னு கேக்கறேன்ல."

பாதி! அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"பாதி என்னடா பாதி, முழுசா எடுத்துக்கோ!" என்று வாளியை அவன் காலடியில் கவிழ்த்தாள்.

பாறைப் பிளவு ஒரே மடக்கில் குடித்துவிட்டது. யோக்சிம் கயிற்றைச் சுண்டினான். கழுதையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஜெயித்துவிட்டோம் என்று ஸ்தோயாவுக்கு ஒரு மூச்சு நேரம் குளிர்ந்தது.

அப்போது ஷாருல்யா அவள் இடுப்பை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது. முன்னங்காலை மடித்து, ஈரம்பட்ட கல்லை நக்க ஆரம்பித்தது. கல் காய்ந்த பிறகும் நக்கியது. "வாடி, போதும், வா" என்று ஸ்தோயா கொம்பைப் பிடித்து இழுத்தாள். அது தலையைத் தூக்கவே இல்லை.